டாக்டரம்மா பதில்கள்: தயிரில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வாட்ஸ்அப் செய்தியைப் பற்றியவை. ‘வீட்டுத் தயிரிலும் இட்லி மாவிலும் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகள்’ என்று அந்தச் செய்தி ஆம்பூரிலிருந்து ஆரணி வரை சுற்றி வந்திருக்கிறது. எனவே கோழிக்கழிச்சல், கன்றுக்குப் பூச்சி மருந்து எல்லாம் அடுத்த இதழில். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

*

என் மாமனாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சிறுநீர்த் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். ராத்திரி தயிர் சாதம் இல்லாமல் தூங்கமாட்டார். அந்தச் செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. தயிரை நிறுத்திவிடலாமா டாக்டரம்மா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

நிறுத்த வேண்டாம் அம்மா. ஆனால் செய்தி முழுப் பொய்யும் இல்லை. தயிர், மோர், பாலாடைக்கட்டி, புளித்த மாவு என்று பல நாடுகளில் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். அவற்றில் வாழும் பாக்டீரியாக்கள் சிலவற்றில் மருந்தை எதிர்க்கும் ஜீன்கள் இருப்பது உண்மை. செய்தியை அனுப்பியவர் விட்டுவிட்டது என்னவென்றால், இந்த எதிர்ப்பில் இரண்டு வகை உண்டு.

ஒன்று பிறவியிலேயே இருப்பது. இட்லி மாவைப் பொங்க வைக்கும் லுகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவைப் பாருங்கள். வான்கோமைசின் அதை ஒன்றும் செய்யாது. வான்கோமைசின் என்பது மற்ற மருந்துகள் கைவிடும்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் நரம்பு வழியாக ஏற்றும் மருந்து. அதற்கே அடங்காத ஒன்று நம் மாவுப் பாத்திரத்தில் இருக்கிறது என்றால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். காரணத்தைக் கேட்டால் பயம் போய்விடும். அநேகமாக எல்லா பாக்டீரியாவும் தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொள்கிறது. சுவருக்கான துண்டுகளின் நுனியில், பெரும்பாலான பாக்டீரியாக்களில், டி-அலனின் என்ற அமினோ அமிலம் அடுத்தடுத்து இரண்டு இருக்கும். வான்கோமைசின் போய்ப் பிடிப்பது அந்த இரட்டை நுனியைத்தான். லுகோனோஸ்டாக்கிலும் பல லாக்டோபேசிலஸ் இனங்களிலும் கடைசி அலனினுக்குப் பதில் லாக்டேட் என்ற வேறு பொருள் இருக்கிறது. மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. வான்கோமைசினை 1950களில் போர்னியோ காட்டு மண்ணிலிருந்து எடுத்தார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இந்த பாக்டீரியாவின் உடற்கட்டு இதுதான். அதை இன்னொரு கிருமிக்கு எடுத்துக் கொடுக்க இதனால் முடியாது.

இரண்டாவது வகை வெளியிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டது. கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். என்டரோகாக்கஸ் என்று ஒரு பாக்டீரியா மாட்டின் குடலிலும் நம் குடலிலும் வாழ்கிறது. சாணம் பட்ட மடியைச் சரியாகக் கழுவாமல் கறந்தால் பாலுக்கு வந்துவிடும். இட்லி மாவிலும் பார்த்திருக்கிறார்கள். இதன் சுவர் வழக்கமான சுவர். வான்கோமைசின் வேலை செய்யும். ஆனால் 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ்கள் தலைகாட்டின. எங்கிருந்தோ ஒரு ஜீன் கொத்தை வாங்கி, சுவர்த் துண்டின் நுனியை லாக்டேட்டாக மாற்றிக்கொண்டிருந்தன. லுகோனோஸ்டாக்கிடம் பிறவியிலேயே இருக்கும் அதே நுனி. வித்தியாசம், இந்த ஜீன் கொத்துக்குக் கால் உண்டு. ப்ளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏறிக்கொண்டு, ஒட்டி நிற்கும் இன்னொரு பாக்டீரியாவுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்புவது மாதிரிதான், ஆனால் கொடுத்த வீட்டில் ஒரு சொட்டும் குறையாது. அந்தக் காலத்தில் அங்கே கோழிக்கும் பன்றிக்கும் சீக்கிரம் எடை ஏற அவோபார்சின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலந்து வந்தார்கள். அவோபார்சின் வான்கோமைசினுக்குப் பங்காளி முறை. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அதைத் தடை செய்தது.

அதே 1997இல்தான் புளித்த உணவைப் பற்றிய ஒரு முக்கியமான கட்டுரையும் வந்தது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக்கட்டியிலிருந்து லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற சாதுவான பாக்டீரியாவைப் பிரித்தார்கள். தயிர், வெண்ணெய், பாலாடைக்கட்டிக்கெல்லாம் உலகமே உறையாகப் பயன்படுத்தும் இனம் அது. அதற்குள் இருந்த ஒரே ப்ளாஸ்மிட்டில் டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின் மூன்றுக்கும் எதிர்ப்பு. அதிலிருந்த டெட்ராசைக்ளின் ஜீன் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமியில் உள்ளதோடு ஒத்துப்போனது. எனவே யாராவது ‘எதிர்ப்பு ஜீன் கண்டுபிடிப்பு’ என்றால் நான் முதலில் கேட்பது, அது நகரக்கூடிய துண்டில் இருக்கிறதா, நகராத இடத்தில் இருக்கிறதா என்றுதான். ‘தயிரில் ஜீன் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அதில் தகவல் எதுவும் இல்லை.

சரி, உங்கள் மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். இட்லி ஆவியில் வேகும்போது அந்த பாக்டீரியாக்கள் செத்துவிடுகின்றன. செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ. துண்டு குடலில் போய் இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவு. தயிரிலும் மோரிலும் இருப்பவை உயிரோடு உள்ளே போகின்றன. ஆனால் பாலை நன்றாகக் காய்ச்சி, ஆற்றி, சுத்தமான பாத்திரத்தில் உறைக்கு ஊற்றிய தயிரில் பெரும்பாலும் சாதுவான கூட்டம்தான் இருக்கும். ராத்திரி தயிர் சாதம் அவருக்கு நல்லதுதான், கொடுங்கள். உறுப்பு மாற்று சிகிச்சை, புற்றுநோய் மருந்து என்று எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் சிகிச்சை ஏதாவது நடந்தால் மட்டும், பார்க்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போது அவர் சொல்வதுதான் சட்டம். அப்புறம் இன்னொன்று: சிறுநீர்த் தொற்றுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிடச் சொன்னார்களோ அத்தனை நாள் சாப்பிடுகிறாரா? தயிரைவிட அதை நான் அதிகமாக விசாரிப்பேன்.

*

பொய்கைச் சந்தையில் வாங்கிய கறவை மாடு. ஒரு காம்பில் மட்டும் வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. காம்புக்குள் ட்யூப் மருந்து ஏற்றினோம், வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் தயிர் உறையவே இல்லை, தண்ணீராக நிற்கிறது. சந்தையில் யார் கண் பட்டதோ என்று அம்மா சொல்கிறார்கள்.
— ஒரு வாசகர், ஒடுகத்தூர்

திருஷ்டி சுற்றிப் போடுவதானால் போடுங்கள், மாட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள்.

நடந்தது இதுதான். மடிநோய் ட்யூப்பில் பெரும்பாலும் பென்சிலின் வகை மருந்தோ அதன் உறவுக்கார மருந்தோ இருக்கும். அது பாலில் இறங்கும். தயிர் உறைய வைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் போன்ற பாக்டீரியாக்களுக்குப் பென்சிலின் துளி அளவு இருந்தாலே ஆகாது. நீங்கள் ஊற்றிய உறை பாலுக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கிறது. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நினைக்காதீர்கள். கொதியில் கொஞ்சம்தான் குறையும். பெரிய பால் பண்ணைகளில் மருந்து கலந்த பாலைக் கண்டுபிடிக்கும் சோதனைகளில் ஒன்று இதே கணக்குதான்: மருந்துக்குப் பயந்த ஒரு பாக்டீரியாவைப் பாலில் விட்டு, அது வளர்கிறதா என்று பார்ப்பது. உங்கள் அம்மாவின் தயிர்ச்சட்டி அந்த வேலையைக் காசில்லாமல் செய்திருக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயங்கள் சில இருக்கின்றன. ஒரு காம்பில் ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். மருந்து ரத்தத்தில் ஏறி மற்ற காம்புகளுக்கும் வரும். எத்தனை நாள் என்பது ட்யூப் பெட்டியில் எழுதியிருக்கும். நம் நாட்டு மருந்து விதிகளில் 2012இல் சேர்த்த பிரிவின்படி, குறிப்பிட்ட மருந்துக்கு என்று நாள் கணக்கு நிரூபிக்கப்பட்டிருக்காவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ‘வீணாகப் போகிறதே’ என்று அந்தப் பாலைக் கன்றுக்கு ஊட்டுவதை வேலூர்ப் பக்கத்தில் எத்தனையோ தொழுவங்களில் பார்த்திருக்கிறேன். கன்றின் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. கொல்லவும் கொல்லாத, சும்மாவும் விடாத அளவில் மருந்து போனால், தாங்கியவை மட்டும் மிஞ்சிப் பெருகும். நாளைக்குச் சாணம் வழியாக மடிக்கும், மடி வழியாகப் பாலுக்கும் வருவது அவைதான். முந்தைய கேள்வியில் சொன்ன நகரும் ஜீனுக்கு நாமே தொழுவத்தில் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறோம்.

வீக்கம் வடிந்ததும் மிச்ச ட்யூப்பை அலமாரியில் வைத்துவிடுவது இன்னொரு பழக்கம். வைக்காதீர்கள். டாக்டர் சொன்ன எண்ணிக்கை முழுவதையும் ஏற்றி முடியுங்கள்.

மடிநோயே வராமல் பார்ப்பது இன்னும் சுலபம், செலவும் குறைவு. கறப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மடியைத் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் முதல் சில பீச்சைக் கறுப்புத் துணியிலோ கறுப்புத் தட்டிலோ விட்டுப் பாருங்கள். திரிந்த துணுக்கு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நோய் உள்ள காம்பைக் கடைசியில் கறங்கள். கறந்ததும் காம்பு நுனியை அயோடின் கரைசலில் முக்குங்கள். கறந்து முடித்தவுடன் காம்புத் துவாரம் திறந்தே இருக்கும், மூடுவதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரம் மாடு ஈரத் தரையில் படுத்துவிடாமல் முன்னால் பசுந்தீவனத்தைப் போட்டு நிற்க வையுங்கள். இவ்வளவையும் செய்தால் ட்யூப் வாங்கும் வேலை பெருமளவு குறையும். மருந்துக்கடைக்காரருக்குத்தான் என் மேல் வருத்தம் வரும்.

*

சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை சாப்பிடும்போது தயிர் சாப்பிடக் கூடாது என்கிறார்களே, தயிரில் இருக்கும் பாக்டீரியா மருந்தை எதிர்ப்பதாலா?
— ஒரு வாசகி, ஆரணி

இல்லை. பாக்டீரியாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சரியாக ஏறாது. டெட்ராசைக்ளினுக்கும் அப்படித்தான். மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, ஒரு இரண்டு மணி நேரம் கழித்துத் தயிரைச் சாப்பிடுங்கள்.

*

என் பேரனுக்கு ஆன்டிபயாட்டிக்கோடு கூட, ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் ‘நல்ல பாக்டீரியா’ என்று திரவம் எழுதிக் கொடுத்தார்கள். அந்த பாக்டீரியாவே மருந்தை எதிர்க்கக்கூடியது என்று மருந்துக்கடைப் பையன் சொன்னான். எதிர்ப்பு கெட்டது என்றால் இதை எப்படிக் கொடுக்கிறார்கள்?
— ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

மருந்துக்கடைப் பையன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அந்தக் குப்பியில் பெரும்பாலும் பேசிலஸ் கிளாசி என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். அதில் நான்கு ரகம் உண்டு. எந்தெந்த மருந்தைத் தாங்கும் என்பதை வைத்தே அவற்றுக்குக் குறிப்பெழுத்துகள் வைத்திருக்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் குடலைக் காலி செய்யும்போது கூடவே சாகாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படித் தேர்ந்தெடுத்தது. அதன் எதிர்ப்பு ஜீன்கள் பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.வில், குரோமோசோமில் உட்கார்ந்திருக்கின்றன. நகரும் ப்ளாஸ்மிட்டில் இல்லை. அதனால்தான் அனுமதிக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பெரு நாட்டில் ஒரு தாயின் தாய்ப்பாலிலிருந்து பிரித்தெடுத்த லாக்டோபேசிலஸ் ரூட்டரி என்ற பாக்டீரியாவைக் குழந்தைகளுக்கான சொட்டு மருந்தாக விற்று வந்தார்கள். அதில் இரண்டு ப்ளாஸ்மிட்டுகளில் எதிர்ப்பு ஜீன்கள் இருப்பது தெரிந்தது. ஒன்று டெட்ராசைக்ளினுக்கு, இன்னொன்று லிங்கோமைசினுக்கு. அதனால் எந்தக் குழந்தைக்கும் கெடுதல் வந்ததென்று சொல்லவில்லை. இருந்தாலும் ஆய்வாளர்கள் அந்த இரண்டு ப்ளாஸ்மிட்டுகளையும் நீக்கிவிட்டு, மற்ற குணங்கள் மாறாத புதிய ரகத்தை உருவாக்கி, அதை 2008இல் வெளியிட்டார்கள். இன்று அந்த வகைச் சொட்டு மருந்தில் இருப்பது சுத்தம் செய்த அந்த ரகம். உணவிலும் தீவனத்திலும் சேர்க்கும் பாக்டீரியாவில் வெளியிலிருந்து வாங்கிய எதிர்ப்பு ஜீன் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பார்க்கிறது. நம் ஊரில் தயிருக்கு உறை விற்பவர்களும் தீவனத்தில் ‘புரோபயாட்டிக்’ கலந்து விற்பவர்களும் அந்தச் சோதனை அறிக்கையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. வாங்கும்போது கேட்டுப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று.

*

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கூழும் புளித்ததுதானே? அதிலும் இந்த ஜீன் இருக்குமா?
— ஒரு வாசகர், போளூர்

கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கும்போது பாக்டீரியா பெருகும். அப்புறம் நொய்யோடு சேர்த்துக் கொதிக்கக் காய்ச்சும்போது பெரும்பாலும் போய்விடும். ஆறிய பிறகு சேர்க்கும் மோரில்தான் மறுபடி உயிருள்ளவை வருகின்றன. கூழில் ஜீனைத் தேடுவதற்கு முன் அண்டாவை எந்தத் தண்ணீரில் கழுவினார்கள், வெங்காயம் நறுக்கியவர் கை கழுவினாரா என்று பாருங்கள். ஆடியில் வயிற்றுப்போக்கு வந்தால் அநேகமாக அந்த வழியில்தான் வரும்.

*

மருந்தே கண்டுபிடிக்காத காலத்திலும் பாக்டீரியாவுக்கு எதிர்ப்பு இருந்தது என்று பாடத்தில் படித்தேன். அப்படியானால் மனிதர்களையும் விவசாயிகளையும் குறை சொல்வது நியாயமா மேடம்?
— ஒரு கல்லூரி மாணவி, காட்பாடி

நல்ல கேள்வி. பாடத்தில் படித்தது சரி. கனடாவில் யூகான் பகுதியின் உறைந்த மண்ணிலிருந்து, 30,000 ஆண்டு பழைய படிவத்தில் இருந்த டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வந்தது. பென்சிலின் வகை, டெட்ராசைக்ளின், வான்கோமைசின் மூன்றையும் எதிர்க்கும் ஜீன்கள் அதில் இருந்தன. இதில் ஆச்சரியமும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், வான்கோமைசின் எல்லாம் மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் தயாரிப்பவை. அவை தாங்களே தயாரிக்கும் விஷத்தில் தாங்களே சாகாமல் இருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவையும் பிழைக்க வேண்டும். எதிர்ப்பு ஜீன் பழையதுதான்.

ஆனால் பழைய காலத்தில் அது மண்ணில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது. அதைப் பொறுக்கி எடுத்து, ப்ளாஸ்மிட்டில் ஏற்றி, ஆஸ்பத்திரி வரை கூட்டி வந்தது டன் கணக்கில் நாம் கொட்டிய மருந்து. பென்சிலினை 1928இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று எச்சரித்துவிட்டார். அதைக் கேட்டும் உலகம் பல பத்தாண்டுகள் கோழித் தீவனத்தில் மருந்தைக் கலந்தது. மனிதர்களுக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக்கூட நம் நாட்டில் கோழிக்குக் கொடுத்து வந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை செய்தது. விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மருந்து விற்றவர், எழுதிக் கொடுத்தவர், ‘போன தடவை கொடுத்த மாத்திரையே கொடுங்க’ என்று கடையில் கேட்டு வாங்கிய நாம், எல்லோருக்கும் பங்கு உண்டு. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டிய மருந்துகள் என்று 2014 முதல் ‘எச்1’ அட்டவணையே இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்குகள் பல அதில் உள்ளன. மாத்திரை அட்டையின் பின்பக்கம் ஓரமாகச் செங்குத்தாகச் சிவப்புக் கோடு ஓடினால் அது டாக்டர் சீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டியது. உங்கள் விடுதி அறையில் தோழிகளின் மாத்திரை டப்பாவைத் திறந்து, அந்தக் கோடு எத்தனை அட்டையில் இருக்கிறது, அதில் எத்தனை பாதியில் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்களேன். உங்கள் பாடத்துக்கு நல்ல செய்முறைப் பயிற்சி.

*

எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து ஒரே உறையைத்தான் தொடர்ந்து வைத்து வருகிறோம். ஊருக்குப் போய்விட்டு வந்தால் மட்டும் மிளகாய்க் காம்பு போட்டு உறைய வைப்போம். எது பாதுகாப்பு?
— ஒரு வாசகி, ஆம்பூர்

பாட்டியின் உறை என்று மனதுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். தினமும் புதுப் பாலும் புதுக் கையும் படுவதால் அதில் வாழும் கூட்டம் மாறிக்கொண்டேதான் இருக்கும். அதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தயிர் கெட்டியாக, நல்ல புளிப்பு வாசனையோடு உறைந்தால் உறை நன்றாக இருக்கிறது. நூல் நூலாக இழுத்தாலோ, மேலே நிறம் மாறிப் படிந்தாலோ, சாண வாசனை அடித்தாலோ கொட்டிவிட்டு, நம்பகமான தயிர் ஒரு ஸ்பூன் வாங்கிப் புதிதாகத் தொடங்குங்கள்.

மிளகாய்க் காம்பில் ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான் பாலை உறைய வைக்கின்றன. தந்திரம் பலிக்கும், ஆனால் காம்போடு வேறு எது வருகிறது என்று சொல்ல முடியாது. காம்பைக் கழுவிப் போடுங்கள். அந்த முதல் தயிரைச் சாப்பிடாமல், அதில் ஒரு ஸ்பூன் எடுத்துக் காய்ச்சி ஆறிய புதுப் பாலில் விட்டு, இரண்டாவது தடவை உறைந்ததைச் சாப்பிடுங்கள். ஆம்பூர் வெயிலுக்கு நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். உறைந்ததும் ஃபிரிட்ஜில் எடுத்து வைத்துவிடுங்கள்.